கோலி கீழே விழட்டும்

நிலையாற்றலும் இயக்க ஆற்றலும் இரண்டு வரிச் சூத்திரத்தில் முடியும் சமாச்சாரம். அதற்காகப் பிள்ளைகளை ரோலர் கோஸ்டர் கட்டச் சொல்வது வெட்டி வேலை என்று எழுதியிருக்கிறார் நண்பர். சூத்திரத்தின் மேல் அவருக்குப் பக்தி அதிகம். அது பிறந்த கதைதான் தெரியவில்லை.

இயங்கும் பொருளின் வலு வேகத்தைப் பொறுத்ததா, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததா என்று ஐரோப்பிய அறிஞர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கு நின்றார்கள். 1720-களில் லெய்டன் பேராசிரியர் ஸ்கிராவெசாண்டே பித்தளைக் குண்டுகளை ஈரக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரு மடங்கானபோது குழி நான்கு மடங்கானது. 1740-இல் பிரெஞ்சு அறிஞர் எமிலி து ஷாத்லே வர்க்கத்தின் பக்கம் நின்று எழுதியபோது இந்தச் சோதனைதான் கைகொடுத்தது. நண்பர் மனப்பாடம் செய்யச் சொல்லும் வர்க்கம் களிமண்ணில் கைவைத்தவர்கள் தந்தது.

சூத்திரம் தெரிந்தால் போதுமாம். பார்ப்போம். ஏசி குழாய்க்குச் சுற்றும் கருப்பு நுரைக்குழாயை நீளவாக்கில் பிளந்தால் தடம் தயார். அதில் 10 செ.மீ. ஆரமுள்ள வளையம். உச்சி 20 செ.மீ. அதே உயரத்திலிருந்து கோலியை விட்டால் போதும் என்பார்கள் சூத்திரத்தை ஒப்பித்தவர்கள். கோலி உச்சிக்குப் போகாமலே கழன்று விழும். தடத்தை விட்டு விலகாதிருக்க உச்சியிலும் வேகம் மிச்சமிருக்க வேண்டும். உராய்வின்றி வழுக்கும் பொருளுக்கே 25 செ.மீ. தேவை. அங்கிருந்து விட்டாலும் கோலி விழும். அது வழுக்கவில்லை, உருளுகிறது; இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போய்விடுகிறது. கணக்கு கேட்பது 27 செ.மீ.; நுரையின் உராய்வு அதற்கும் மேலே கேட்கும். இத்தனை கேள்விகளையும் கிளப்பியது விழுந்த கோலி. கரும்பலகையில் எழுதிய கோலி விழுவதே இல்லை.

இந்த மாதிரிகளைப் பெற்றோர் செய்து கொடுக்கிறார்கள், கடையில் விற்கிறார்கள் என்ற நண்பரின் புகார் உண்மை. அதற்கு மருந்து, வகுப்பிலேயே கட்ட வைப்பது. வீட்டுப்பாடத்தையும்தான் அப்பா எழுதித் தருகிறார். அதை ஒழிக்கச் சொல்லி நண்பர் ஏன் எழுதவில்லை?

நண்பரின் கடைசி அஸ்திரம், தேர்வு. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லின் வேகம் கேட்டால் நொடிக்கு 20 மீட்டர் என்று எழுதி மதிப்பெண் வாங்கலாம்தான். அதற்குப் பெருக்கலும் வர்க்கமூலமும் போதும், இயற்பியல் வேண்டாம். கணக்குக்கும் கண்முன் நடப்பதற்கும் இடைவெளி ஏன் என்று கேட்கப் பழக்க இரண்டு பாடவேளை அதிகம் என்றால், அறிவியல் வகுப்புக்கு வேறென்ன வேலை என்பதை நண்பரே சொல்லட்டும்.