செகாமட் அதிர்வு: எஃகுக் கட்டடத்தின் உறுதி பற்றவைப்பில் இருக்கிறது

ஜொகூர், செகாமட்டில் 2025 ஆகஸ்டு 24ஆம் தேதி காலை ஏற்பட்ட 4.1 அளவு நில அதிர்வு, தீபகற்ப மலேசியாவும் நிலநடுக்கத்துக்கு விலக்கல்ல என்பதை நினைவூட்டியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், 2015 ஜூன் 5ஆம் தேதி சபா, ரானாவை உலுக்கிய 6.0 அளவு நிலநடுக்கம், கினாபாலு மலையில் சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்கள் உட்பட 18 பேரின் உயிரைப் பறித்தது. அதை இரு நாடுகளும் மறந்துவிட முடியாது.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்குச் சிங்கப்பூர் 2013இல் வழிகாட்டி வெளியிட்டது. மலேசியா 2017இல் யூரோகோட் 8 தரத்துக்கான தேசிய இணைப்பை வெளியிட்டது. வரைபடத்தில் உள்ளது கட்டுமானத் தளத்தில் அப்படியே நடக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. எஃகுக் கட்டடங்களில் அக்கேள்விக்கான விடை பெரும்பாலும் வெல்டிங்கில் இருக்கிறது.

நோர்த்ரிட்ஜ் தந்த பாடம்

1994 ஜனவரி 17 அதிகாலையில் கலிபோர்னியாவின் நோர்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. எஃகு வளையும், முறியாது. அதிர்வின் சக்தி அந்த வளைவிலேயே கரைந்துவிடும் என்று பொறியாளர்கள் அதுவரை நம்பியிருந்தனர். எஃகுச் சட்டகக் கட்டடங்கள் இடிந்து விழவும் இல்லை. ஆனால், பூச்சுகளை அகற்றிப் பார்த்தபோது, 100க்கும் மேற்பட்ட கட்டடங்களில் உத்தரமும் தூணும் சேரும் பற்றவைப்புகள் வெடித்திருந்தது தெரியவந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரி 17இல் ஜப்பானின் கோபேயிலும் இத்தகைய இணைப்புகள் முறிந்தன.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. இணைப்பின் வடிவமைப்பே ஒரே இடத்தில் அழுத்தத்தைக் குவித்தது. அப்போது பரவலாகப் பயன்பட்ட வெல்டிங் கம்பி வேகமாக வேலையை முடிக்க உதவியது; ஆனால் அது தந்த பற்றவைப்பு எளிதில் முறியக்கூடியது. பற்றவைப்புக்கு அடியில் தாங்கலாக வைத்த எஃகுப் பட்டையை அகற்றாமல் விட்டதால், அந்த இடுக்கிலிருந்தே விரிசல் தொடங்கியது. உத்தரத்தின் கீழ்ப்பட்டையைப் பற்றவைக்கும்போது நடுவில் நிறுத்தித் தொடங்க வேண்டியிருந்ததும் குறைகளை ஒளித்து வைத்தது.

சரியான முறை எது?

இந்த ஆய்வுகளின் பலனாக, அமெரிக்க வெல்டிங் சங்கம் 2005இல் நிலநடுக்கத்துக்கென்றே தனி விதித்தொகுப்பை வெளியிட்டது. முக்கிய இணைப்புகளில் பயன்படும் பற்றவைப்பு உலோகம், சார்பி சோதனையில் 21 டிகிரி செல்சியஸில் குறைந்தது 54 ஜூல் சக்தியைத் தாங்க வேண்டும். கீழ்ப்பட்டையின் தாங்கல் பட்டையை அகற்றி, அடிப்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மீண்டும் பற்றவைக்க வேண்டும். தடித்த எஃகை முன்கூட்டியே சூடாக்க வேண்டும். அதிர்வின்போது வளைய வேண்டிய பகுதியில் தேவையற்ற சிறு பற்றவைப்புகூடக் கூடாது. முடிந்த வேலையை மீயொலிக் கருவியால் சோதிக்க வேண்டும்.

நம் ஈரப்பதமான வானிலையில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வெல்டிங் ராடு ஈரத்தை உறிஞ்சினால் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட விரிசலை உண்டாக்கும். ஆகவே, குறைந்த ஹைட்ரஜன் ராடுகளைச் சூடான பெட்டியில் வைத்து, தேவைக்கு மட்டுமே வெளியே எடுக்க வேண்டும்.

யார் பொறுப்பு?

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்குள்ள தளங்களில் வெல்டிங் வேலை பார்ப்பவர்கள் பலர். குறை நேர்ந்தால் முதலில் அவர்களின் கையைத்தான் காட்டுவார்கள். ஆனால், நோர்த்ரிட்ஜில் தவறியது வெறும் கைத்திறன் அல்ல; வடிவமைப்பு, பொருள் தேர்வு, மேற்பார்வை அனைத்தும் சேர்ந்தே தவறின. ராடுக்கு உலர்பெட்டி தராத, அவசரப்படுத்தும் குத்தகையாளரும், பார்க்காமல் கையெழுத்திடும் மேற்பார்வையாளரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

பூச்சு பூசிய பிறகு பற்றவைப்பு கண்ணுக்குத் தெரியாது. அதைச் சோதிக்க வேண்டிய நேரம் பூச்சுக்கு முன்புதான். அடுத்த அதிர்வுக்குப் பின்பு அல்ல.