வாசலில் ஒரு கேள்வி

விருந்தினரை உபசரிக்கும் வீட்டிலும் வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. 2020-ம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி இந்திய சர்க்கார் அத்தகைய தாழ்ப்பாள் ஒன்றைப் போட்டது. நிலவழியே நம்மோடு எல்லை கொண்ட எந்த நாட்டாரும் இங்கே தொழிலில் நேரடியாக மூலதனம் போடுமுன் சர்க்கார் அனுமதி பெறவேண்டும் என்பது உத்தரவு. அதற்குமுன் பாகிஸ்தானுக்கும் பங்களாதேஷுக்கும் மட்டுமே அந்த நிபந்தனை இருந்தது. கொரோனாவினால் பங்கு விலைகள் சரிந்திருந்த சமயம் அது. எச்.டி.எஃப்.ஸி. கம்பெனியில் சீன மத்திய பாங்கியின் பங்கு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டிய செய்தி வெளிவந்த சில தினங்களிலேயே உத்தரவு பிறந்தது.

இந்த ஜாக்கிரதை நியாயமானதே என்பது நம் அபிப்பிராயம். ஆனால் அவிநாசிபாளையத்திலிருந்து பார்க்கும் நமக்கு ஒரு விசித்திரமும் தென்படுகிறது. திருப்பூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகள் சீனத்துத் தையல் யந்திரத்தை விலைக்கு வாங்குவதற்கு அவ்வுத்தரவு குறுக்கே நிற்கவில்லை. அதே யந்திரத்தை இங்கேயே செய்வதற்குச் சீனர் பணம் போட வந்தால்தான் குறுக்கே நின்றது!

முதலாளி யார் என்று விசாரிப்பது அவசியம். விசாரணையைக் காலதாமதமின்றி முடிப்பதும் அவசியம். ஆயினும் தாழ்ப்பாள் திருடனைத் தடுக்குமேயன்றி அடுப்பில் உலை வைக்காது. யந்திரத்தையும் அதன் ஊசியையும் நம் பிள்ளைகள் செய்யக் கற்கும்வரை பத்திரம் என்பது பாதிதான்.