ஓதுதலும் உவத்தலும்

தியாகராய நகரின் உஸ்மான் சாலையில் நடப்போருள் எத்தனை பேர் அப்பெயருக்கு உரியவரை நினைக்கின்றனர்? 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக விளங்கிய சர் முகம்மது உஸ்மானின் பெயரை நாள்தோறும் ஆயிரம் நாவுகள் சொல்கின்றன, நினையாமலே சொல்கின்றன. நாவில் நின்றும் நெஞ்சில் நில்லாத இந்நிலை திருமறைக்கும் நேர்ந்துவிடலாகாது என்பதே நம் கவலை.

ஓதுதலின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 114 அத்தியாயங்கள் கொண்ட திருக்குர்ஆனை ஒரு திங்களில் ஓதி முடிக்க 30 பாகங்களாகவும், ஒரு வாரத்தில் முடிக்க 7 மன்ஸில்களாகவும் முன்னோர் வகுத்தனர். மறையோடு அன்றாடம் உறவாடவே அவ்வொழுங்கு ஏற்பட்டது. ஆயின், ரமலானில் எத்தனை முறை ‘கத்தம்’ செய்தோம் என்னும் கணக்கே பெருமையாகும்போது, ‘ததப்புர்’ எனப்படும் ஆழ்ந்த சிந்தனை பின்தங்கிவிடுகிறது. அச்சிந்தனையைத் திருமறையே நான்கு இடங்களில் வலியுறுத்துகின்றது.

பொருளுணர்தல் ஆலிம்களின் பணி, நமக்கு ஓதுதலே போதும் என்பர் சிலர். சட்டம் வகுக்க ஆலிம்களின் புலமை வேண்டும் என்பது உண்மையே. ஆனால், பொருளறிந்து உருகுவதற்கு எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. அதற்காகவன்றோ அப்துல் ஹமீது பாகவி பல்லாண்டு உழைத்துத் திருமறை முழுவதையும் தமிழாக்கித் தந்தார்!

நேரமில்லை என்பது மற்றொரு சாக்கு. நீதியரசர் மு.மு. இஸ்மாயில் 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கியவர். நீதிமன்றப் பணிச்சுமையைச் சுமந்தவர் கம்பனிலும் தோய்ந்தார். வாலி வதையை ஆராய்ந்து நூலே எழுதினார். அவரைக் கம்பனிடம் ஈர்த்தது கடமையன்று, உவகை. உவகை உள்ள இடத்தில் நேரம் தானே பிறக்கும். ஒரு காப்பியத்திற்கே அத்துணை இன்பமெனில், இறைவனின் சொல்லுக்கு எத்துணை!

எனவே, மாணவச் செல்வங்களே! வைகறைத் தொழுகைக்குப் பின் மூன்று வசனங்கள் போதும். மூலத்தை ஓதுங்கள், தமிழில் பொருளைப் படியுங்கள், ஒன்றை மட்டும் மனத்தில் ஏந்திச் செல்லுங்கள். மாம்பலம் நிலையத்தில் மின்ரயிலுக்குக் காத்திருக்கையில் அதனை அசைபோடுங்கள். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் வசனத்தைக் காலையில் சுவைத்தவர், மாலையில் கடையில் எடை குறைக்கக் கூசுவார். சிந்தனையின் பயன் அதுவே.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் எத்தனை பக்கம் ஓதினாய் என்று கேட்பதோடு நில்லாமல், இன்று எது உனக்கு இனித்தது என்றும் கேளுங்கள்.