வெள்ளுடை வேந்தரும் சுண்ணாம்புத் தொட்டியும்

சென்னைத் தியாகராய நகர் என்றால் துணிக்கடையும் நகைக்கடையும்தான் பலருக்கு நினைவு வரும். அந்தப் பெயருக்கு உரியவர் சர் பிட்டி தியாகராயர். 'வெள்ளுடை வேந்தர்' என்று போற்றப்பட்டவர். அவர் கதை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தொழிலாளிக்கு எதற்கு? காரணம் இருக்கிறது, தோழர்களே!

1852 ஏப்ரல் 27இல் பிறந்தவர் அவர். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார், வக்கீல் தொழில் பார்த்தார், பிறகு முதலாளியானார். நூறு தறிகள் கொண்ட நெசவுக்கூடம் நடத்தினார். தோல் பதனிடும் கிடங்குகளும், சுண்ணாம்புத் தொழிலும், உப்பளங்களும் அவரிடம் இருந்தன. உப்பு, சுண்ணாம்பு, தோல்! இந்த மூன்றும் நமக்கு அந்நியமா? பச்சைத் தோலில் உப்பைத் தடவுகிறவன் யார்? சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி உள்ளங்கை வெந்து நிற்பவன் யார்?

1916இல் டாக்டர் டி. எம். நாயரோடு சேர்ந்து நீதிக் கட்சியைத் தொடங்கினார். கல்வியும் உத்தியோகமும் ஒரு சிறு கூட்டத்தின் கையில் முடங்கிக் கிடந்ததை எதிர்த்துப் 'பிராமணரல்லாதார் அறிக்கை'யை வெளியிட்டார். 1920 தேர்தலில் கட்சி வென்றது, முதல் மந்திரி பதவி வீடு தேடி வந்தது, வேண்டாம் என்றார். அதே ஆண்டு, அவர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. இவை நல்ல காரியங்கள். நல்லதை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர் யார்? சொத்துள்ளவரும் வரி கட்டியவரும்தான். கூலிக்காரனுக்கு ஓட்டு இல்லை. வக்கீலுக்கும் மிராசுதாருக்கும் கதவு திறந்தது. தொட்டியில் நின்றவன் தொட்டியிலேயே நின்றான்.

1921இல் சோதனை வந்தது. சென்னை பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களில் வேலைநிறுத்தம். 1918இலேயே சங்கம் கட்டிய தொழிலாளிகள் அவர்கள். வெள்ளைக்கார முதலாளி அசையவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர்; சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு 29இல் போலீஸ் சுட்டது, தொழிலாளிகள் மாண்டார்கள். அப்போது நீதிக் கட்சித் தலைவர்கள் என்ன செய்தார்கள்? பிளந்து கிடந்த தொழிலாளரை ஒன்றுசேர்க்கவில்லை. சர்க்காரின் தொழிலாளர் இலாகா ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டுகிறது என்று பழி சொன்னார்கள். மனம் நொந்த எம். சி. ராஜா 1923இல் அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார். வேலைநிறுத்தம் அக்டோபரில் தோற்றது. வென்றவர் யார்? சாதி இந்துவும் அல்ல, ஆதிதிராவிடரும் அல்ல. மில் முதலாளி!

சங்கத்தின் மீதும் குறை உண்டு. சேரிக்குள் போய், "உன் பசியும் என் பசியும் ஒன்றுதான்" என்று முன்னதாகவே பேசியிருந்தால் புளியந்தோப்பு எரிந்திருக்காது.

1925இல் தியாகராயர் மறைந்தார். நூறாண்டு ஓடிவிட்டது. நம் பாலாற்றங்கரையில் என்ன நடக்கிறது? தோல் கழிவால் கிணறு கெட்டது, நிலம் கெட்டது என்று விவசாயி அழுகிறான். "ஆலையை மூடினால் உன் அடுப்பு அணையும்" என்று ஆலைத் தொழிலாளியிடம் முதலாளி சொல்கிறான். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள். பெயர்தான் வேறு, பிளவு அதே பிளவு.

1996இல் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்பதுதான். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இழப்பீட்டைப் பற்றி மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. தண்ணீர் கிணற்றுக்கு வரவில்லை.

கழிவு விவசாயியை மட்டுமா கொன்றது? 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பத்துப் பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்து, டேனரிக்குள்ளேயே படுத்துறங்கிய தொழிலாளிகள். வயலை அழித்த அதே சேறுதான் அவர்களையும் மூடியது.

ஆகவே, தோழர்களே! வெள்ளுடை வேந்தருக்குச் சிலை இருக்கட்டும். ஊர்ப் பெயரும் இருக்கட்டும். அவர் காலத்துப் பாடம் நம்மிடம் இருக்கட்டும். மேலே ஏறிய நம்மவர் ஒருவர் நம்மைத் தூக்கிவிடுவார் என்று காத்திருந்தால், காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சுண்ணாம்புத் தொட்டிக்காரனும் வயல் கூலிக்காரனும், ஊர்த் தெருவும் சேரியும், உள்ளூர்க்காரனும் வங்காளத்தானும் ஒரே மனுவில் கைநாட்டு வைக்கட்டும்: ஆலையும் ஓட வேண்டும், கழிவைச் சுத்தம் செய்யும் செலவு முதலாளியின் கணக்கில் ஏற வேண்டும், தொட்டியில் இறங்குகிறவனின் உயிருக்குக் காப்பு வேண்டும்!

1921இல் பிரிந்து நின்றோம், தோற்றோம். இன்னொரு முறை தோற்க நமக்கு ஆறும் இல்லை, கிணறும் இல்லை.