டைப்-சி: பார்க்க ஒன்று, வேலை வேறு!

லேப்டாப்பின் ஓரத்தில் இரண்டு டைப்-சி போர்ட்கள். பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி. ஒன்றில் சார்ஜ் ஏறுகிறது, இன்னொன்றில் ஏறவில்லை. 'போர்ட் போச்சு' என்று சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் பொறுங்கள். அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம்.

டைப்-சி என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. வேகத்துக்கும் திறனுக்கும் அது உத்தரவாதம் இல்லை. 2014-ல் அறிமுகமான இந்த வடிவத்தில் 24 பின்கள் உள்ளன. டேட்டா, சார்ஜ், மானிட்டர் என்று எதற்கெல்லாம் அவற்றைப் பயன்படுத்துவது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? போர்ட் பக்கத்தில் இருக்கும் குட்டிப் படங்களைப் பாருங்கள்.

* அம்புமுனை உள்ள மின்னல்: தண்டர்போல்ட். டேட்டா, மானிட்டர் இரண்டுக்கும் ஏற்றது. தண்டர்போல்ட் 4 என்றால் வேகம் 40 ஜிபிபிஎஸ்.

* 'டி', 'பி' எழுத்துகள் பின்னிய லோகோ: டிஸ்ப்ளேபோர்ட். மானிட்டர், புரொஜெக்டர் இணைக்கலாம்.

* 'எஸ்எஸ்' எழுத்துடன் 5, 10 அல்லது 20: அந்த எண்தான் டேட்டா வேகம், ஜிபிபிஎஸ் கணக்கில்.

* பேட்டரி அல்லது பிளக் படம்: சார்ஜ் தொடர்பானது. ஆனால், லேப்டாப்புக்கு சார்ஜ் ஏற்றவா, லேப்டாப் அணைந்திருக்கும்போதும் போனுக்கு சார்ஜ் கொடுக்கவா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

படமே இல்லையா? கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடல் நம்பரைத் தேடி, 'பவர் டெலிவரி', 'டிஸ்ப்ளேபோர்ட்' என்ற சொற்கள் எந்த போர்ட்டுக்கு எதிரே இருக்கின்றன என்று பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட் வசதி இல்லாத போர்ட்டில் சாதாரண ஹெச்டிஎம்ஐ அடாப்டரைச் செருகினால் திரையில் படம் வராது. காலேஜ் செமினாரில் மேடை ஏறிய பிறகு இது தெரிந்து என்ன பயன்?

போர்ட் சரியாக இருந்தும் வேலை நடக்கவில்லையா? அடுத்து கேபிளைச் சந்தேகப்படுங்கள். போனுடன் வரும் கேபிள்கள் பலவற்றின் வேகம் 480 எம்பிபிஎஸ்தான். 100 ஜிபி குடும்ப போட்டோக்களை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்ற, கணக்குப்படியே கிட்டத்தட்ட 28 நிமிடம் ஆகும். கேபிள், போர்ட், டிஸ்க் மூன்றும் 10 ஜிபிபிஎஸ் என்றால் ஒன்றரை நிமிடம் போதும். சார்ஜிலும் இதே கதை: 60 வாட்ஸுக்கு மேல் போக, சிப் பொருத்திய 5 ஆம்பியர் கேபிள் வேண்டும்.

போர்ட் மாற்றிச் செருகினால் லேப்டாப் கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். தரமான பவர் டெலிவரி சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் கொடுக்கும்; லேப்டாப் கேட்ட பிறகே கூட்டும்.

புது லேப்டாப் வாங்கும்போது 'டைப்-சி இருக்கா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எந்த டைப்-சியில் சார்ஜ் ஏறும், எதில் மானிட்டர் வரும், வேகம் எவ்வளவு?' என்று கேளுங்கள். பதில் தெரிந்ததும் போர்ட் அருகில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால், வீட்டில் யார் எடுத்தாலும் குழப்பம் இருக்காது.