பீட்டர் ஹிக்ஸுக்கு இன்று வேலை கிடைக்குமா?

'தகுதி, திறமை' பேசுகிறவர்கள் கையில் இப்போது புதிய அளவுகோல் ஒன்று இருக்கிறது: மேற்கோள் கணக்கு. உன் ஆய்வுக்கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், உன் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள். எண்ணுக்குச் சாதி தெரியாது, ஆகவே இது நியாயமானது என்கிறார்கள். சரி, அதே அளவுகோலால் பீட்டர் ஹிக்ஸை அளந்து பார்ப்போம்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த கோட்பாட்டு இயற்பியலாளர் அவர். அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்ற கேள்வியில் 1964இல் இரண்டு சிறு கட்டுரைகள் எழுதினார். இரண்டாவதை ஓர் ஐரோப்பிய இதழ் திருப்பி அனுப்பியது. ஒரு பகுதியைச் சேர்த்து அமெரிக்க இதழுக்கு அனுப்ப, அங்கே அச்சானது. அவர் சொன்ன துகளைக் கண்டுவிட்டதாக 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகம் அறிவித்தது. அடுத்த ஆண்டு நோபல் பரிசு வந்தது.

இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. அண்மையில் என்ன வெளியிட்டீர்கள் என்று துறையில் கேட்டால், 'எதுவுமில்லை' என்று எழுதி அனுப்புவார். இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் தன்னை வேலைக்கு எடுக்காது என்று 2013இல் அவரே பேட்டியில் சொன்னார். 1980இல் நோபலுக்குத் தன் பெயர் பரிந்துரைக்கப்படாமல் இருந்திருந்தால் வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள் என்றும் சொன்னார்.

ஸ்டீவன் வைன்பெர்க்கின் 1967 கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில ஆண்டுகள் அதை ஏறக்குறைய யாருமே மேற்கோள் காட்டவில்லை. அத்தகைய கோட்பாடுகளின் கணக்கு பிழையின்றி நிற்கும் என்று 1971இல் ஹெரார்டு எட் ஹூஃப்ட் என்ற ஆய்வு மாணவர் நிறுவினார். அதன் பிறகு மேற்கோள்கள் கொட்டின. 1979இல் வைன்பெர்க்குக்கு நோபல். கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. படித்தவர்களின் கண்தான் மாறியது. 1970இல் அந்த எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால்?

எச்-இண்டெக்ஸை 2005இல் உருவாக்கிய ஹோர்ஹே ஹிர்ஷும் கோட்பாட்டு இயற்பியலாளரே. குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் உங்கள் எண் 10. அப்படியானால் எட்டே கட்டுரை எழுதியவரின் எண் எட்டைத் தாண்டவே முடியாது, அவற்றில் ஒன்று உலகத்தையே புரட்டிப்போட்டாலும்! இந்த அளவுகோல் மோசமாகத் தோற்கக்கூடும், தீய விளைவுகளைத் தரக்கூடும் என்று 2020இல் ஹிர்ஷே எழுதினார். செய்தவரே எச்சரித்த பிறகும் நம் தேர்வுக்குழுக்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன.

ஹிக்ஸ் மேதைதான். ஆனால் அந்த மேதைமைக்கு ஒரு நிரந்தர வேலை சோறு போட்டது. ஒன்றும் வெளியிடாத ஆண்டுகளிலும் சம்பளம் வந்தது. நிறுவனம் அவருக்காகக் காத்திருந்தது. அந்தப் பொறுமைதான் இங்கே பங்கிடப்படும் சொத்து. உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் கடன் வாங்கிப் படிக்கும் முதல் தலைமுறை ஆய்வாளருக்கு யார் காத்திருக்கிறார்கள்? மாநாட்டுக்கு அனுப்பவும், பெரிய இடத்துக் கூட்டாளிகளிடம் அறிமுகப்படுத்தவும் ஆள் இல்லாதவரின் கட்டுரையை யார் மேற்கோள் காட்டுவார்கள்? எண்ணுக்குச் சாதி தெரியாமல் இருக்கலாம். அந்த எண்ணை ஏற்றிவிடும் கைகளுக்கு நன்றாகத் தெரியும்.

மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படியுங்கள். அதன் 4ஆவது பிரிவு, உன்னத நிறுவனங்கள் என்று ஒரு பட்டியலை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கிவைக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னைக் கணித அறிவியல் நிறுவனம், அலகாபாத் ஹரிஷ் சந்திரா நிறுவனம் எல்லாம் அதில் இருக்கின்றன. நாட்டில் கோட்பாட்டு இயற்பியலின் முதன்மையான வீடுகள் இவை. கதவைச் சட்டத்தால் சாத்திவிட்டு, உள்ளே வந்தவர்களின் மேற்கோளை எண்ணி, பார் தகுதி என்கிறார்கள்!

'அப்படியானால் ஆய்வை அளக்கவே கூடாதா?' என்று கேட்பார்கள். அளக்கட்டும். கட்டுரையைப் படித்து அளக்கட்டும். துறை அறிந்தவர்கள் உட்கார்ந்து, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று எழுத்தில் சொல்லட்டும்.

ஆகவே தோழர்களே, எண் குறைவென்று கூனிக் குறுகாதீர்கள். 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று இடஒதுக்கீட்டு இடம் காலியாக விடப்பட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எந்த அளவுகோல், யார் வகுத்தது, விண்ணப்பித்தவர்களின் கட்டுரைகளைக் குழுவில் எத்தனை பேர் படித்தார்கள் என்பதற்கான ஆவணங்களைக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.