விடுதலைன்னு தீர்ப்பு வந்தா வாயை மூடிக்கணுமா?

"கோர்ட்டே விட்டுட்டாங்க. அப்புறம் எதுக்குய்யா அப்பீலு? பழிவாங்குற வெறி, வேற என்ன?"

கூட்டமா சேர்ந்து செஞ்ச கொலை வழக்குல நாலு பேர் விடுதலையானா போதும், இந்த வசனம் வந்துடும். இதைச் சொல்ற அதே ஆளு, வேற ஒரு வழக்குல தண்டனை பெற்றவங்க மேல்முறையீடு போனா, "இவனுக்கெல்லாம் எதுக்கு அப்பீல், நேரா தூக்குல போடு"ம்பாரு. செத்தவன் யாரு, கொன்னவன் எந்தக் கட்சி, எந்த ஜாதி, இதைப் பார்த்துத்தான் நம்மாளுக்கு நீதி உணர்ச்சியே பொங்குது. அந்த ரெண்டு வசனத்துக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னு படிச்சுப் பார்க்க கறுப்புக் கோட்டு தேவையில்லை.

மதுரை தினகரன் அலுவலக வழக்கையே எடுத்துக்குவோம். 2007 மே 9. பேப்பர்ல ஒரு கருத்துக்கணிப்பு வந்ததுக்காக ஒரு கும்பல் கிளம்பி வந்து பெட்ரோல் குண்டு வீசுச்சு. 3 ஊழியர்கள் செத்துப்போனாங்க. அதுல ரெண்டு பேர் நம்மளை மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து வேலை பார்த்தவங்க, ஒருத்தர் காவலாளி. பட்டப்பகல், நகரத்துக்கு நடுவுல, போலீஸ் இருக்கும்போதே நடந்தது. 2009 டிசம்பர் 9ம் தேதி தீர்ப்பு: குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை.

அதாவது மூணு பேரையும் யாருமே கொல்லலை. தானா எரிஞ்சு போச்சு!

"கோர்ட்டே விட்டுட்டாங்க"ன்னு அன்னிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். சி.பி.ஐ. மேல்முறையீடு போனது. செத்துப்போன ஒருத்தரோட அம்மா தனியா சீராய்வு மனு போட்டாங்க. 2019 மார்ச் 21ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த விடுதலையை ரத்து பண்ணி 9 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. சம்பவ இடத்துல இருந்த போலீஸ் அதிகாரி ஒருத்தரும் குற்றவாளின்னு சொன்னது. அப்போ 2009ல் சொன்னதும் கோர்ட்டுதான், 2019ல் சொன்னதும் கோர்ட்டுதான். எந்தக் கோர்ட்டை மதிக்கச் சொல்றீங்க சாமி?

இதுல இன்னொரு சங்கதி கவனிங்க. அந்த அம்மா ஏன் அப்பீல் போடாம சீராய்வு மனு போட்டாங்க? விடுதலையை எதிர்த்து நேரடியா மேல்முறையீடு செய்ற உரிமை பாதிக்கப்பட்டவங்களுக்கு அப்போ கிடையாது. அரசாங்கம் போனாத்தான் உண்டு. சீராய்வுல விடுதலையைத் தண்டனையா மாத்தவும் முடியாது. ரொம்பப் போனா மறுபடி விசாரின்னு சொல்லலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 372வது பிரிவுல திருத்தம் வந்து அந்த உரிமை கிடைச்சது 2009 டிசம்பர் 31ல். தீர்ப்பு வந்து 22 நாள் கழிச்சு! அதுவரைக்கும் நம்ம சட்டத்துல, பிள்ளையைப் பறிகொடுத்தவங்க வெறும் சாட்சி. சொல்லிட்டு ஓரமா நிக்கணும், அவ்வளவுதான். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்துலயும் இந்த உரிமை 413வது பிரிவா தொடருது.

கூட்டுக் கொலையில இது ஏன் ரொம்ப முக்கியம்? ஒருத்தன் வெட்டினா ஒருத்தனை நிரூபிச்சாப் போதும். பதினஞ்சு பேர் வந்தா யாரு பிடிச்சான், யாரு வண்டி ஓட்டினான், யாரு சும்மா வேடிக்கை பார்த்தான்னு ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா ஆதாரம் வேணும். சாட்சியோ அதே ஊர்ல, அதே தெருவுல குடியிருக்கணும். பிறழ் சாட்சி ஆகாம என்ன பண்ணுவான்? ஒரு நீதிபதி பார்த்ததை இன்னும் ரெண்டு பேர் பார்க்கட்டுமேன்னு கேட்கிறது பழிவாங்கலா? முடிச்சுட்டோம்னு மூடின 'பக்'கை ரீஓப்பன் பண்ணினா டெஸ்டரை வெறி பிடிச்சவன்னா சொல்றோம்? (சொல்றோம்தான், ஆனா அவன் முதுகுக்குப் பின்னாடி.)

இப்ப அந்த இன்னொரு வசனத்துக்கு வர்றேன். தண்டனை பெற்றவங்களுக்கு அப்பீல் வேணுமா? கட்டாயம் வேணும். உடுமலை சங்கர் வழக்குல 2017ல் 6 பேருக்குத் தூக்கு. 2020ல் உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணோட அப்பாவை விடுதலை செஞ்சது, மத்த 5 பேருக்கு ஆயுளாக் குறைச்சது. எனக்கு அந்தத் தீர்ப்புல கடுப்புதான். ஆனா எனக்குக் கடுப்பா இருக்குங்கறதுக்காக அவங்க அப்பீலே போயிருக்கக் கூடாதுன்னு சொல்ல மாட்டேன். தமிழக அரசும் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போச்சு. அதுதான் முறை.

கோகுல்ராஜ் வழக்கு இன்னும் நல்ல உதாரணம். 2022ல் யுவராஜ் உள்பட 10 பேருக்கு ஆயுள், 5 பேர் விடுதலை. தண்டனையை எதிர்த்து அவங்களும் போனாங்க, அந்த 5 பேர் விடுதலையை எதிர்த்து கோகுல்ராஜோட அம்மாவும் போனாங்க. நீதிபதிகள் திருச்செங்கோடு கோயிலுக்கே நேர்ல போய்ப் பார்த்தாங்க. 2023 ஜூன் 2ல் தீர்ப்பு: 8 பேருக்கு ஆயுள் உறுதி, 2 பேருக்கு 5 வருஷமாக் குறைப்பு, 5 பேர் விடுதலையும் உறுதி. அந்த அம்மா கேட்டது கிடைக்கலை. ஆனா கேட்டாங்க, கேட்டதுக்குப் பதில் வந்தது. இது வெறியா?

என் கோபம் வேற இடத்துல. ஆயுள் தண்டனை கிடைச்சவனுக்குத் தீர்ப்பு நகல் உடனே, இலவசமாக் கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. நல்ல சட்டம். செத்தவன் வீட்டுக்கு? பொதுவா மனு எழுதிப் போட்டு, காசு கட்டித்தான் வாங்கணும். இலவச சட்ட உதவி பெண்களுக்கு உண்டு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு உண்டு. ஆனா விடுதலைத் தீர்ப்பு வந்த அன்னிக்கு சாயங்காலம் அந்த வீட்டுக் கதவைத் தட்டி இதைச் சொல்ல வேண்டியது யாரோட வேலை? யாரோடதும் இல்லை. அதேமாதிரி, விடுதலையை எதிர்த்துப் போக அரசுக்கு 90 நாள். போகலைன்னா ஏன் போகலைன்னு யார்கிட்டயும் சொல்லத் தேவையில்லை. அந்த 90 நாள்ல எத்தனை போன் பேசப்படும்னு நம்ம ஊர் அரசியல் தெரிஞ்ச யாருக்கும் நான் விளக்க வேண்டாம்.

அதனால மூணே மூணு கேக்கறேன். ஒண்ணு, விடுதலைத் தீர்ப்போட நகல் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அன்னிக்கே, காசில்லாமக் கொடுங்க. ரெண்டு, அரசு மேல்முறையீடு போகலைன்னா காரணத்தை எழுத்துல, கெடு முடியறதுக்குள்ள அவங்களுக்குச் சொல்லுங்க. மூணு, தினகரன் வழக்கு மாதிரி ஒன்பது வருஷத்துக்கு மேல இழுக்காதீங்க. இதுல எதுக்கும் யாரையும் தூக்குல போட வேண்டியதில்லை.

இதையும் பழிவாங்கல்னு சொல்றவங்க தாராளமாப் பின்னூட்டத்துல வந்து திட்டலாம். ஆனா திட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத் திட்டுங்க: செத்தது உங்க வீட்டுப் பையனா இருந்தா, முதல் தீர்ப்போட நிறுத்திக்குவீங்களா?

டிஸ்கி: ஜாதிப் பேரைச் சொல்லி வர்ற பின்னூட்டம் எதுவும் வெளியாகாது. அதுக்கு அப்பீலும் கிடையாது :-)